செரெங்கெட்டி யாருடைய மண்?

தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்கா பற்றி வந்த பயணக் கட்டுரையில் சிங்கங்களும் அப்பகுதியின் மாடு மேய்க்கும் மசாய் மக்களின் நடனமும் கண்முன் நிற்கின்றன. ஆனால் செரெங்கெட்டியை 'மனிதர் காலடி படாத காடு' என்று எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக மசாய் மக்கள் மாடு மேய்த்த மண் அது. 1959-இல் பிரிட்டிஷ் ஆட்சி அவர்களை அங்கிருந்து வெளியேற்றியது. பக்கத்து கொரொங்கோரோவில் மேய்ச்சலும் வனவிலங்கும் சேர்ந்தே இருக்கலாம் என்று வாக்கும் கொடுத்தது. அந்த வாக்கு என்ன ஆயிற்று? அங்கும் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டே போயின. அருகிலுள்ள லோலியோண்டோவில் 2022 ஜூனில் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர் மேய்ச்சல் நிலத்துக்கு அரசு எல்லைக்கல் நட்டது. எதிர்த்து நின்ற மசாய்களில் பலர் காயமடைந்தார்கள். ஒரு காவலரும் உயிரிழந்தார். இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

வனவிலங்கு பார்க்கப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கென்யாவில் மசாய் மாரா காப்பகத்தைச் சுற்றி, மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றுலா விடுதிகளுக்குக் குத்தகைக்கு விட்ட வனவிலங்குப் பகுதிகள் இருக்கின்றன. விடுதிகள் தரும் குத்தகைப் பணம் நில உரிமையாளர்களுக்கே போகிறது. அப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மசாய் கிராமத்துக்குள் நுழையக் கட்டணம் கேட்டால் அது யார் கைக்குப் போகிறது என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். பெரும்பகுதியைச் சுற்றுலா வண்டி ஓட்டிகளே எடுத்துக்கொள்வதாக நெடுநாளாகவே புகார் உண்டு.