மேடு பள்ளம் கைத்தவறு அல்ல
நல்ல கண்ணாடி மொசைக், அதாவது சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்யும் படம், தடவிப் பார்த்தால் வழவழவென்று மட்டமாக இருக்க வேண்டும் என்கிறது மொசைக் பற்றிய இந்தக் கட்டுரை. தரைக்கு என்றால் சரி, சுவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்திலேயே இரண்டு வகையும் இருக்கிறது. குவிமாடத்துக்குக் கீழே இருப்பவை வெனிஸின் சல்வியாட்டி பட்டறை வேலை, பரப்பு சமதளம். 1891-இல் ஓவியர் வில்லியம் பிளேக் ரிச்மண்ட் தொடங்கிய பாடகர் பகுதியிலோ, ஒழுங்கில்லாத துண்டுகளை வேண்டுமென்றே சாய்த்துப் பதித்தார்கள். நாம் நடக்க நடக்க மின்னுவது அதுதான். பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) கைவினைஞர்களின் பழைய வித்தை இது. தங்கத் துண்டில் இன்னும் முக்கியம்: இரண்டு கண்ணாடிக்கு நடுவே தங்க ரேக்கு இருப்பதால் ஒரு கோணத்தில் தகதகக்கும், இன்னொன்றில் இருண்டுவிடும். என் முதல் பலகைக்குத் துண்டுகளைக் காகிதத்தில் தலைகீழாக ஒட்டி, சாந்தில் கவிழ்த்து, காகிதத்தை நனைத்து உரித்தேன். மட்டம் துளியும் பிசகவில்லை, ஆனால் மேசை விரிப்பு மாதிரி உயிரற்றுக் கிடந்தது. அடுத்ததில் ஒவ்வொரு துண்டையும் நேரடியாக ஈரச் சாந்தில் அழுத்தினேன். விரலில் நாலு கீறல்தான் மிச்சம் என்று நினைத்தேன். மாலை வெயில் பக்கவாட்டில் விழுந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளை எல்லாம் சாந்தால் நிரப்பச் சொல்கிறார். ஸ்மால்டி எனும், மொசைக்குக்கென்றே வெட்டிய தடித்த வண்ணக் கண்ணாடிக்குப் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. வெட்டிய முகத்தின் சிறு குழிகளில் சாந்து ஏறிக்கொண்டால் நிறம் மங்கிவிடும், தேய்த்தாலும் முழுக்கப் போகாது.