ஆலைக்குள் எட்டிப் பார்த்த மார்க்ஸ், அரசாங்கத்துக்குள் எட்டிப் பார்த்தாரா?

மார்க்ஸைப் படிக்காமலேயே திட்டுபவர்களுக்கும், படித்துவிட்டுக் கும்பிடு மட்டும் போடுபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

1863 ஜூனில் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையல் தொழிலாளி இறந்துபோனார். அரச குடும்ப விருந்துக்குப் போகும் சீமாட்டிகளின் உடைகள் தயாராக வேண்டும் என்பதற்காக, 60 பெண்களோடு 26½ மணி நேரம் இடைவிடாமல் தைத்திருக்கிறார். ஓர் அறைக்கு 30 பேர், மூச்சு விடவும் போதுமான காற்று இல்லை. 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் இந்தப் பெண்ணைப் பெயர் சொல்லியே எழுதுகிறார். வெறும் சூத்திரங்கள்தான் இருக்கும் என்று நினைத்து அந்தப் புத்தகத்தைத் தொடாதவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டுமாவது படியுங்கள்.

அவருடைய பலமே அங்கேதான் இருக்கிறது. சந்தையில் முதலாளியும் தொழிலாளியும் சமமாக நின்று பேரம் பேசுவதுபோலத் தெரியும். ஆனால் தொழிலாளி விற்பது வேலை செய்யும் சக்தியை. அதிலிருந்து எவ்வளவு வேலையைக் கறப்பது என்பது ஆலை கேட்டைத் தாண்டி உள்ளே போன பிறகு முடிவாகிறது, அங்கே சமத்துவம் கிடையாது. பீஸ் ரேட் கூலி பற்றி அவர் சொன்னதை இன்றைய டெலிவரி வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்துவிட்டால் தொழிலாளி தானாகவே நேரத்தை நீட்டிக்கொள்வார், தலைக்கு மேல் நின்று மேஸ்திரி விரட்ட வேண்டிய தேவையும் குறையும் என்றார். 1867இல்!

குறைகளுக்கு வருவோம். உழைப்பால் உண்டாகும் மதிப்பு எப்படிச் சந்தை விலையாக மாறுகிறது என்ற மார்க்ஸின் கணக்கில் ஓட்டை இருப்பதாக, ஆஸ்திரியப் பொருளாதார அறிஞர் போம்-பாவெர்க் 1896இலேயே எழுதினார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அதில் மார்க்ஸ் தோற்றாலும் வேலைநேரம் பற்றி அவர் சொன்னது அப்படியே நிற்கும் என்பது என் கருத்து.

எனக்குப் பெரிதாகப் படும் குறை வேறு. ஆலை முதலாளியின் கையை விட்டுப் போனால் உள்ளே நடக்கும் அதிகாரம் என்ன ஆகும்? உழைப்பை நொடிக்கணக்கில் அளக்கும் டெய்லர் முறையை, மனிதனை இயந்திரத்துக்கு அடிமையாக்குவது என்று 1914இல் கண்டித்தவர் லெனின். ஆட்சிக்கு வந்த பிறகு, அதே முறையைப் படித்துப் பயன்படுத்த வேண்டும் என்று 1918இல் சொன்னவரும் அவர்தான். 1940 ஜூனில் வந்த சோவியத் ஆணைப்படி, அனுமதி இல்லாமல் வேலையை விட்டால் சிறை. 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாக வந்தாலே குற்றம், கூலியில் கால் பங்கு வரை பிடித்தம். போர்க்காலம் என்று தோழர்கள் சொல்லலாம். சரி, ஆனால் 1956 வரை அது ஏன் சட்டமாகவே இருந்தது?

மார்க்ஸ் இதை யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அநியாயம். 1871இல் பாரிஸ் தொழிலாளர்கள் குறுகிய காலம் நடத்திய ஆட்சியான பாரிஸ் கம்யூனில், பிரதிநிதிகளைத் திரும்பப் பெறும் உரிமையையும், அவர்களுக்குத் தொழிலாளியின் கூலி அளவே சம்பளம் என்பதையும் மனம் திறந்து பாராட்டினார். ஆனால் ஆட்சிக்கு வந்த தொழிலாளி தொழிலாளியாகவே இருக்க மாட்டார் என்று, அரசே கூடாது என்ற ரஷ்ய அராஜகவாதி பக்கூனின் எச்சரித்தபோது மார்க்ஸ் எழுதிவைத்த பதில் எனக்குப் போதவில்லை. நகர்மன்ற உறுப்பினரானால் ஆலை முதலாளி முதலாளியாக இல்லாமல் போய்விடுவாரா என்று கேட்டார். முதலாளிக்கு ஆலை கையிலேயே இருக்கிறது. அமைச்சரான தொழிலாளியோ லேத் மெஷினை விட்டுவிட்டு வந்தவர். வாழும் நிலைதான் சிந்தனையைத் தீர்மானிக்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்ததே மார்க்ஸ்தானே? அதை ஆட்சியில் அமர்ந்த கட்சிக்கும் பொருத்திப் பார்த்திருக்க வேண்டாமா?

டெலிவரி ஆப்களை அரசுடைமையாக்கினால் போதும் என்று எழுதும் நண்பர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். ரேட்டை முடிவு செய்யும் அதிகாரியை வண்டி ஓட்டுபவர்கள் ஓட்டுப் போட்டு மாற்ற முடியுமா? கட்சிக்குக் கட்டுப்படாத சங்கம் வைக்கலாமா? வேலைநிறுத்தம் செய்தால் வழக்கு வராது என்று உத்தரவாதம் தருவீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள், அங்கிருந்து பேசலாம்.