"தம்பி எந்தக் காலேஜ்?"

கல்யாணப் பந்தியில் இலையில் சாம்பார் விழுவதற்குள் கேட்டுவிடுகிறார்கள். வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு, என்ன வேலை என்று ஒருத்தரும் கேட்பதில்லை. திருமங்கலம் பக்கத்துக் கல்லூரி என்றதும் முகம் சுருங்கும். அப்புறம் சுந்தர் பிச்சை பேச்சு வரும். மதுரையில் பிறந்தவர், கரக்பூர் ஐஐடியில் படித்தவர், சரி. அங்கே படித்த எல்லாருமா கூகுளுக்குத் தலைவரானார்கள்?

அமெரிக்காவில் டேல், க்ரூகர் என்ற இருவர் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் வேறு இடத்தில் படித்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய அங்கே படித்தவர்கள் அளவுக்கே சம்பாதித்தார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் பெரிய கல்லூரி கூடுதலாகக் கைகொடுத்தது. உசிலம்பட்டியில் அப்படி ஒரு பிள்ளைக்கு ஐஐடிக்கான ஜேஇஇ நுழைவுத் தேர்வு எழுத எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல ஆளில்லை. பந்தியில் என்னைக் குடைகிறவர்கள் அதைச் சொல்லிக்கொடுக்கலாமே!