டாக்டர் அழுதுட்டா போதுமா?

ஆபரேஷனில் தப்பு நடந்து தவிக்கிற ஒரு சர்ஜனின் கதை, அந்தப் படம். அதைப் பார்த்துவிட்டு, 'டாக்டர் அழுதால் போதுமா, செத்தவர் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டாமா?' என்று நான் போட்ட ரெண்டு வரிக்கு என்ன பேச்சு வாங்கினேன் என்று எல்லாரும் பார்த்தீர்கள். "பணம் பிடுங்கப் பார்க்கும் கூட்டம்" என்றவருக்கு அத்தனை லைக். அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

படத்தில் சர்ஜன் கையால் ஒரு உயிர் போகிறது. அவர் தூக்கமில்லாமல் தவிக்கிறார், அழுகிறார், கூடவே தியேட்டரும் அழுகிறது. செத்தவருடைய மனைவிக்கு ஐசியூ வாசல் பெஞ்சில் ஒரே ஒரு ஷாட். "எங்க கையிலதாம்மா தப்பு நடந்துச்சு" என்று அவளிடம் யாரும் சொல்லவே இல்லை. படத்தைக் கொண்டாடுகிற நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை. நான் கேட்பது அது ஒன்றுதான். நடந்ததைச் சொல்லுங்கள்.

எங்க நைனாவுக்குப் பித்தப்பையில் கல். குடியாத்தத்தில் தானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனவர். (பெயர் வேண்டாம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி இல்லை.) ஆபரேஷன் முடிந்த மறுநாள் வயிறு உப்பிப்போய், திரும்பவும் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு ஒரு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொல்ல வாயெடுத்தாள். உள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். கடைசியில் கொடுத்த தாளில் 'கார்டியாக் அரெஸ்ட்', அதாவது இதயம் நின்றுபோனது என்று இருந்தது. "உங்க நைனாவுக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்லியேடா" என்று அம்மா இன்னும் கேட்கிறாள். சிகிச்சை விவரம் எழுதிய கேஸ் ஷீட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரணும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதியே சொல்கிறது. எங்களை கவுன்டர் கவுன்டராக அலையவிட்டார்கள்.

"டாக்டரும் மனுஷன்தானே?" இல்லை என்று யார் சொன்னது? மனுஷன் மறப்பான் என்றுதான் 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு 19 அம்சப் பட்டியலே கொண்டுவந்தது. நோயாளி யார், எந்த இடத்தில் ஆபரேஷன், முடிந்ததும் பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுச் சொல்லணும். உள்ளே வாய்விட்டுச் சொல்கிறவர்களுக்கு வெளியே பெஞ்சில் இருப்பவளிடம் வாய் வராதா?

"சொன்னா கேஸ் போடுவாங்க." மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு என்று 2005-லேயே ஜேக்கப் மேத்யூ என்ற டாக்டரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாக்டரை அடிக்கிறவனை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் கேஸும் போடவில்லை, ஒரு ரூபாய் கேட்கவும் இல்லை.

"வேலூர்ல இருந்துகிட்டு டாக்டரைக் குறை சொல்லலாமா?" இதுதான் ரொம்ப வலித்தது. சிஎம்சியை உருவாக்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் சின்னதாக வைத்தியம் தொடங்கிய ஊர் இது. நோயாளிகள் வங்காளத்திலிருந்து ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். இந்த ஊரை அவ்வளவு நம்புகிறார்கள். தமிழ் பேசுகிற எங்களுக்கே சொல்லவில்லை, பாஷை தெரியாத அவர்களிடம் யார் போய்ச் சொல்லியிருப்பார்கள்? நினைத்தாலே வயிறு எரிகிறது.

என் நட்பில் இருக்கிற டாக்டர்களே, படம் நல்லா இருக்கு என்று எழுதினீர்களே. உங்க ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்று நடந்தால் வீட்டாரிடம் யார் வந்து சொல்வீர்கள், எப்போது சொல்வீர்கள்? அதையும் எழுதுங்கள்.