பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வருமா?

"சகப்பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டிருக்கிறது, உடைத்தால் வெளியே வரும்" என்று, அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்து சேரும் பிணைப்பைப் பற்றி ஒரு பதிவு சுற்றி வருகிறது. தவறு. மாணவர்கள் இதை அப்படியே நம்பிவிடுவதுதான் எனக்குக் கவலை.

இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் நெருங்கும்போது, ஆளுக்கொரு எலக்ட்ரான் போட்டு அந்த ஜோடியைப் பகிர்ந்துகொள்கின்றன. இரு அணுக்கருக்களும் சேர்ந்து அந்த ஜோடியை ஈர்ப்பதால் மொத்த ஆற்றல் குறைகிறது. எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவு ஆற்றல் வெளியேறிவிடுகிறது. மறுபடி பிரிக்க வேண்டுமென்றால் அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்: ஒரு மோலுக்கு (மூலக்கூறுகளை எண்ண வேதியியலில் பயன்படும் அலகு) சுமார் 436 கிலோஜூல்.

சரி, ஹைட்ரஜன் எரியும்போது சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு மோல் ஹைட்ரஜனையும் அரை மோல் ஆக்ஸிஜனையும் உடைக்கச் சுமார் 685 கிலோஜூல் செலவு. அப்புறம் நீராவியில் உருவாகும் புதுப் பிணைப்புகள் தருவது சுமார் 926. மிஞ்சுகிற 241தான் அந்தச் சூடு.