பொன்னாடையோடு ஒரு சாவியும் கொடுங்கள்

சம்பளமில்லாமல் ஒரு துறையோடு சேர்ந்து வேலை செய்ய மதிப்புறு பேராசிரியர் என்று ஆணை வாங்கிய ஒருவர் குடியாத்தத்தில் பஸ் ஏறி பல்கலைக்கழகத்துக்கு வருகிறார். கேட்டில் செக்யூரிட்டி நோட்டை நீட்டுகிறார். பெயர், ஊர், போன் நம்பர், யாரைப் பார்க்க வந்தீர்கள், உள்ளே வந்த நேரம், கையெழுத்து. "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதுவார்? அவர் யாரையும் பார்க்க வரவில்லை. தன் துறைக்கு வருகிறார். அதை எழுத அந்த நோட்டில் இடமில்லை.

செக்யூரிட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் இருக்கும் பட்டியலில் இந்தப் பெயர் கிடையாது. பட்டியல் சம்பளப் பிரிவிலிருந்து வருகிறது. சம்பளம் வாங்காதவர் அதில் எப்படி வருவார்? மதிப்புறு பதவியில் வரும் கோளாறுகளில் பாதி இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது. பதவியைக் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவான சிண்டிகேட். கதவைத் திறப்பது கணினிப் பிரிவு, நூலகம், காவல் பிரிவு. இவர்களுக்குள் ஒரு காகிதம்கூடப் போவதில்லை.

நம் வடாற்காட்டுப் பக்கம் இதைப் பற்றிப் பேச வேண்டிய அவசியம் அதிகம். சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கிறது. காட்பாடியில் வி.ஐ.டி., ஊருக்குள் சி.எம்.சி., ஊரிசு, முத்துரங்கம், ஆக்சிலியம், திருப்பத்தூரில் தூய நெஞ்சக் கல்லூரி, வாணியம்பாடியில் இஸ்லாமியா, மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம். வெளியே இருக்கும் அறிவுக்கும் குறைவில்லை. செங்கம் பக்கம் நடுகல் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் முப்பது வருஷம் குரோம் பதனிடலைக் கையால் பழகிய கெமிஸ்டுகள் இருக்கிறார்கள். பாலாற்றை நாசமாக்கிய தோல் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை நாடு முழுக்க சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த விதையைக் காத்து வந்த விவசாயியை எந்தத் தாவரவியல் துறை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறது?

முதலில் சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அரசுக் கல்லூரிகளில் "கௌரவ விரிவுரையாளர்" என்று சொல்லப்படுகிறவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் முழுநேரம் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, துறையையே தூக்கி நிறுத்துகிறவர்கள். 20,000 ரூபாயாக இருந்த அவர்களுடைய தொகுப்பூதியம் 25,000 ஆனதே பெரிய போராட்டத்துக்குப் பிறகு. பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று சொன்னது. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது சம்பளமும் பணி நிரந்தரமும். அவர்கள் இடத்தில் "மதிப்புறு" என்று பெயர் வைத்து ஒருவரைச் சும்மா பாடம் நடத்த வைப்பது திருட்டு. மதிப்புறு நியமன ஆணையில் "வாரத்துக்கு இத்தனை மணி நேரம் வகுப்பு" என்று ஒரு வரி இருந்தால் அந்த ஆணையைக் கிழித்துப் போடலாம்.

தகைசால் பேராசிரியர் என்பது அந்தப் பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு. வருகைதரு பேராசிரியர் வேறு நிறுவனத்தில் வேலையில் இருப்பவர், குறுகிய காலத்துக்கு வருகிறவர். மதிப்புறு முனைவர் பட்டம் விழா மேடையில் கொடுப்பது, அதோடு எந்த உரிமையும் வருவதில்லை. இவற்றையெல்லாம் மதிப்புறு பதவியோடு ஒரே கோப்பில் போட்டுக் குழப்புவதால்தான் நடுகல் ஆய்வாளருக்கு நூலக அட்டை கிடைக்காமல் பொன்னாடை கிடைக்கிறது.

தொழில் அனுபவம் உள்ளவர்களுக்கு மானியக் குழு 2022-இல் ஒரு வழி திறந்தது: புரொஃபசர் ஆஃப் பிராக்டிஸ். முனைவர் பட்டம் தேவையில்லை, குறைந்தது 15 வருஷ அனுபவம் வேண்டும். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவரும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் இதில் வர முடியாது. முதலில் ஒரு வருஷம், பிறகு நீட்டிப்பு, மொத்தம் மூன்று வருஷம், மிக விசேஷமான காரணம் இருந்தால் இன்னொரு வருஷம். தேர்வுக் குழுவில் உள்ளே இருந்து இரண்டு மூத்த பேராசிரியர்கள், வெளியிலிருந்து ஒருவர். தொழில் நிறுவனம் பணம் கொடுக்கலாம், பல்கலைக்கழகம் கொடுக்கலாம், சம்பளமே இல்லாத மதிப்புறு முறையிலும் எடுக்கலாம். ஆம்பூர் கெமிஸ்டுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. ஓய்வு பெற்ற தமிழாசிரியருக்கு இது பொருந்தாது. அவரை மதிப்புறு ஆய்வாளர் என்று பல்கலைக்கழகத்தின் சொந்த விதியில் எடுக்க வேண்டும். தவறான வகையில் கோப்பு போட்டால் தணிக்கையில் மாட்டும்.

கோப்பு துறையிலிருந்து கிளம்ப வேண்டும். துணைவேந்தர் அறையிலிருந்து கீழே இறங்கும் பெயர்கள் துறையில் ஒட்டுவதில்லை. அவர் வந்தால் எந்த நாற்காலியில் உட்காருவார் என்றுகூட யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். துறைக் கூட்டத் தீர்மானத்தோடு இரண்டு பக்கத் தன்விவரம், அவர் என்ன செய்யப் போகிறார் என்று ஒரு பக்கம், துறை அவருக்கு என்ன தரும் என்று இன்னொரு பக்கம். வேலையில் இருப்பவர் என்றால் அவர் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று. துறையில் யாருக்காவது உறவா, பல்கலைக்கழகத்துக்கு ஏதாவது சப்ளை செய்கிறாரா என்ற உறுதிமொழி. எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுப்பாசிரியர் ஒருவரின் பெயரும் கையெழுத்தும். துறைத் தலைவர் பதவி சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் "துறைத் தலைவர்" என்று மொட்டையாக எழுதக் கூடாது. ஆள் பெயர் வேண்டும்.

துறை என்ன தரும் என்ற அந்த ஒரு பக்கத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அதைக் கட்டாயம் ஆக்கினால் கேட் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

கணினிப் பிரிவில் நடப்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பணியாளர் எண் இல்லாமல் மென்பொருளில் கணக்குத் திறக்காது. மதிப்புறு பேராசிரியருக்குப் பணியாளர் எண் இல்லை. என்ன செய்வார்கள்? "சார், நம்ம ஸ்காலர் ஒருத்தர் லாகின் தர்றோம், அதுல பாத்துக்கோங்க." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் ஒரே பெயரில் இரண்டு பேர் இரண்டு ஊரிலிருந்து கட்டுரை இறக்குவது பதிப்பகத்தின் சர்வரில் தெரியும். அளவுக்கு மீறி இறக்கினால் அந்தப் பதிப்பகம் முழு வளாகத்தின் ஐ.பி. முகவரியையும் முடக்கும். மறுநாள் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய பெண்ணுக்குக் கட்டுரை திறக்காது, காரணமும் தெரியாது. இதற்கு வைத்தியம் சுலபம். மென்பொருளில் "சம்பளமில்லா உறுப்பினர்" என்று தனி வகை, தனி எண் வரிசை, முடிவுத் தேதி போடாமல் கணக்கைச் சேமிக்கவே முடியாதபடி ஒரு கட்டுப்பாடு. ஒரு புரோகிராமருக்கு இது ஒரு நாள் வேலை.

ஆய்விதழ்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் மத்திய அரசே இதழ்ச் சந்தா கட்டும் "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 2025 ஜனவரியிலிருந்து நடைமுறை. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் எந்த உரிமத்திலும் "அனுமதிக்கப்பட்ட பயனர்" யார் என்று ஒரு பத்தி இருக்கும். மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் என்று போட்டிருக்கும். மதிப்புறு உறுப்பினர் அதற்குள் வருகிறாரா என்பதை நூலகர் ஆணை போடும் முன்பே படித்துப் பார்த்துக் கோப்பில் எழுத வேண்டும். வரவில்லை என்றாலும் கதவு முழுக்க மூடிவிடாது. பல ஒப்பந்தங்களில் நூலகத்துக்கு நேரில் வந்து அங்கிருக்கும் கணினியில் படிக்க யாருக்கும் இடம் உண்டு. அதற்காகவாவது நூலகத்தில் இரண்டு கணினியை ஒதுக்கி வையுங்கள். வீட்டிலிருந்து படிக்கும் வசதியைத் தருவதாக வாய் வார்த்தை கொடுத்துவிட்டுப் பிறகு கையை விரிப்பது மரியாதை இல்லை.

ஆய்வகத்துக்கு இதைவிடக் கவனம் வேண்டும். அரை நாள் பாதுகாப்புப் பயிற்சி, தனியாக வேலை செய்யக் கூடாது என்ற எழுத்துப்பூர்வ ஒப்புதல், பொறுப்பாசிரியர் கையெழுத்து. சம்பளம் வாங்காதவருக்குப் பணியாளர் காப்பீடு எப்படியும் பொருந்தும் என்று நம்பி உட்காராதீர்கள். தனி விபத்துக் காப்பீடு எடுங்கள், அந்தப் பணத்தைத் துறையே கட்டட்டும். பஸ் செலவும் அப்படித்தான். சம்பளம் இல்லை என்பதற்காகக் கைக்காசு போட்டு வரச் சொல்வது நியாயமில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர் என்றால் சுற்றுலா விசாவில் வந்து பாடம் எடுக்கவோ ஆய்வு செய்யவோ கூடாது. அழைப்புக் கடிதம் எழுதும்போதே எந்த விசா என்று குறிப்பிட்டுவிட வேண்டும். விருந்தினர் விடுதியில் தங்கினால் வந்து 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசுக்கு ஆன்லைனில் ஏற்ற வேண்டும். சனிக்கிழமை இரவு வந்தவருக்குத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விடுதிக் காப்பாளர் விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு.

என்ன கூடாது என்பதையும் ஆணையிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2022 முனைவர் பட்ட விதிமுறைப்படி வெளியிலிருந்து வந்து இணையும் இணைப்புப் பேராசிரியர்கள் (அட்ஜங்க்ட்) நெறியாளராக முடியாது, துணை நெறியாளராக மட்டும் இருக்கலாம். ஓய்வு பெற்றவர் தன்னிடம் ஏற்கெனவே பதிந்த மாணவர்களுக்குத் துணை நெறியாளராகத் தொடரலாம், அதுவும் 70 வயது வரைதான். இதைச் சொல்லாமல் விட்டால், "சார் கைட் பண்ணுவார்" என்று நம்பி ஒரு மாணவி இரண்டு வருஷத்தைத் தொலைத்துவிடுவாள்.

கட்டுரையில் எந்த நிறுவனத்தின் பெயர் போடுவது என்பது இன்னொரு வில்லங்கம். தரவரிசைக்காக வெளியூர்ப் பெரிய விஞ்ஞானிகளுக்கு மதிப்புறு பதவி கொடுத்து அவர்கள் கட்டுரைகளில் தங்கள் பெயரைப் போட வைக்கும் வியாபாரம் உலகம் முழுக்க நடக்கிறது. ஸ்பெயினில் கோர்டோபா பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்ட ஒரு வேதியியல் விஞ்ஞானியைச் சம்பளமில்லாமல் 13 வருஷம் இடைநீக்கம் செய்தது. விதி சின்னதாக இருந்தால் போதும். இங்கே செய்த வேலைக்கு மட்டும் இங்கேயுள்ள பெயர், சம்பளம் தரும் நிறுவனம் முதலில். நம் ஊரில் இதைவிடப் பரவலானது ஃபிளெக்ஸ். கோச்சிங் சென்டர் திறப்பு விழாவிலும் தேர்தல் போஸ்டரிலும் "பேராசிரியர்" என்று முன்னால் போட்டுக்கொள்வது. "மதிப்புறு" என்ற சொல்லை விடாமல், கல்விப் பணிக்கு மட்டும், பதவிக்காலத்தில் மட்டும் பயன்படுத்தலாம் என்று எழுதி வாங்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் தயவு தாட்சண்யமே கூடாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, சம்பளம் வாங்குகிறாரா இல்லையா என்று பார்ப்பதில்லை. தன்னார்வமாக வேலை செய்பவரும் அதன் வரையறைக்குள் வருகிறார். மூத்தவர், பெரிய மனிதர், விருந்தாளி என்று சொல்லி உள் புகார்க் குழுவின் கைக்கு எட்டாத இடத்தில் யாரையும் வைக்க முடியாது. ஆணையில் இந்த ஒரு வரி இல்லாவிட்டால் புகார் கொடுக்கும் மாணவியைத்தான் அலைக்கழிப்பார்கள்.

ஆணை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்காக, ஒரே பத்தியில்:

"இவர் 1 ஜூலை முதல் அடுத்த ஆண்டு 30 ஜூன் வரை வரலாற்றுத் துறையின் மதிப்புறு ஆய்வாளராக, ஊதியமின்றி நியமிக்கப்படுகிறார். பொறுப்பாசிரியர்: (பெயர்). இக்காலத்துக்கு அடையாள அட்டை, மின்னஞ்சல் கணக்கு, வைஃபை, ஆறு புத்தகங்கள் எடுக்கும் நூலக உறுப்புரிமை, கல்வெட்டுப் படி அறையின் சாவி ஆகியவை வழங்கப்படும். இவை அனைத்தும் பதவிக்காலம் முடியும் அதே நாளில் முடிவடையும். நகல்: காவல் பிரிவு, கணினிப் பிரிவு, நூலகர், துறைத் தலைவர், நிதி அலுவலர்."

கடைசியில் இருக்கும் அந்த நகல் வரி ஐந்து பேரை எழுப்பும். அது இல்லாத ஆணை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்ட மட்டும்தான் ஆகும்.

முடிக்கும் நாளையும் அதே அக்கறையோடு பாருங்கள். முப்பது நாளுக்கு முன் அவருக்கும் பொறுப்பாசிரியருக்கும் ஒரு கடிதம். நீட்டிப்பு என்றால் ஒரு வருஷத்தில் என்ன நடந்தது என்று ஒரு பக்கம், துறைக் கூட்டத்தில் மறு தீர்மானம். இல்லை என்றால் சாவி, அட்டை, புத்தகம் திரும்ப வாங்கிக்கொண்டு, துணைவேந்தர் கையெழுத்தில் ஒரு நன்றிக் கடிதம். மின்னஞ்சலை அன்றைக்கே வெட்டாமல் மூன்று மாதம் பழைய முகவரிக்கு வருவதை அவருடைய சொந்த முகவரிக்குத் திருப்பி விடுங்கள், கட்டுரைத் திருத்தங்கள் அதற்குத்தான் வந்துகொண்டிருக்கும். எதையும் செய்யாமல் விடுவதுதான் மோசம். இறந்துபோனவர் பெயர் வலைத்தளத்தில் வருஷக்கணக்காக நிற்பதைப் பார்க்கும் குடும்பத்துக்கு அது எப்படி இருக்கும்?

ஒரு துறைக்கு மூன்று பேருக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. மூன்றுக்கு மேல் போனால் பொறுப்பாசிரியருக்கு ஆளைக் கவனிக்க நேரம் இருக்காது, எல்லாம் பெயரளவில் போய்விடும்.

ஜூலையில் ஒருவர் உள்ளே வர வேண்டும் என்றால் பிப்ரவரியில் துறைத் தீர்மானம் ஆகிவிட வேண்டும். சிண்டிகேட் மாதாமாதம் கூடுவதில்லை. ஏப்ரலில் தேர்வு, மே மாதம் விடைத்தாள், கோப்பு அப்படியே மேசையில் தூங்கும். தடையின்மைச் சான்றுக்கு மட்டும் சில நிறுவனங்கள் ஆறு வாரம் எடுக்கும். உங்கள் மனதில் இருக்கும் அந்த நடுகல்காரரிடமும் தோல் கெமிஸ்டிடமும் தன்விவரத்தை இந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.