கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வந்த கியர்பாக்ஸ் ஆயில்

காற்றாலை பராமரிப்பை கான்ட்ராக்ட் எடுத்திருக்கும் புண்ணியவான்களே, கியர்பாக்ஸ் ஆயில் சாம்பிள் அனுப்ப உங்களுக்கு வேறு பாட்டிலே கிடைக்கவில்லையா? இந்த வாரப் பார்சலைப் பிரித்தால் முதலில் கையில் வருவது கூல்டிரிங்ஸ் பாட்டில். அடியில் ஆரஞ்சுக் கலர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்தது பைக்குக்கு என்ஜின் ஆயில் வாங்கிய டப்பா. அதற்கடுத்தது தண்ணீர் பாட்டில். மூடி தொலைந்துவிட்டதால் பாலிதீன் பையைச் சுருட்டித் திணித்து மேலே ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் சேலம் வந்து சேர்வதற்குள் பாதி ஆயிலை அட்டைப்பெட்டி குடித்துவிட்டது. மீதிப் பாதிக்கு ரிப்போர்ட் வேண்டுமாம். அதுவும் நாளைக்கே.

நான் சேலத்தில், ஆயிலைப் பரிசோதித்து மிஷின் உள்ளே தேய்கிறதா என்று சொல்லும் சின்ன லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சேலத்தில் ஏதப்பா காற்றாலை என்று கேட்பீர்கள். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும், காற்றாடி ஒன்றும் தெரியாது. ஆனால் மில்லுக்கும் ஃபேக்டரிக்கும் கரண்ட் வேண்டும் என்று உடுமலை, பூளவாடி, தாராபுரம் பக்கம் காற்றாலை போட்டிருக்கும் முதலாளிகள் இந்தப் பக்கமும் உண்டு. லாரி, ரிக் வண்டி, சேகோ ஃபேக்டரி ஆயிலோடு அவர்களுடைய பாட்டில்களும் எங்கள் மேஜைக்கு வருகின்றன. லாரிக்காரர் அனுப்பும் டப்பா துடைத்துச் சுத்தமாக வருகிறது. கோடிக்கணக்கில் பணம் போட்ட காற்றாலையின் ஆயில்தான் இந்த லட்சணத்தில் வருகிறது.

"பாட்டில் எப்படி இருந்தா என்ன சார், உள்ள இருக்கிறது ஆயில்தானே?" என்று ஒரு சூப்பர்வைசர் போனில் கேட்டார். என்னவா? ஒரு மில்லிலிட்டர் ஆயிலில் 4 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) மேல், 6 மைக்ரானுக்கு மேல், 14 மைக்ரானுக்கு மேல் எத்தனை துகள் இருக்கிறது என்று எண்ணி, ஐஎஸ்ஓ 4406 முறைப்படி மூன்று குறியீட்டு எண்களாகப் போடுகிறோம். ஓடுகிற காற்றாலை கியர்பாக்ஸுக்குப் பொதுவாக 18/16/13 என்று எல்லை வைத்துக்கொள்வார்கள். ஒரு எண் கூடினால் துகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அர்த்தம். இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாத தூசி பாட்டிலுக்குள் இருந்தால் போதும், ஒரு பாவமும் அறியாத கியர்பாக்ஸ் கெட்ட பெயர் வாங்கிவிடும்.

அந்த என்ஜின் ஆயில் டப்பாவின் கதை இன்னும் கொடுமை. சோதித்தால் கால்சியமும் துத்தநாகமும் வருகின்றன. இரண்டும் என்ஜின் ஆயிலில் சேர்க்கிற சரக்கு. காற்றாலைக்கு ஊற்றும் 320 கிரேடு சிந்தெடிக் கியர் ஆயிலில் இந்த அளவுக்கு இருக்கக் கூடாது. இப்போது நான் என்ன எழுதுவது? டவர் மேலே யாரோ அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை டாப்-அப் செய்துவிட்டார்களா, இல்லை டப்பாவில் ஒட்டியிருந்ததுதானா? கியர்பாக்ஸைக் கேட்க முடியாது. டப்பாவை அனுப்பியவரைக் கேட்டால், "அதெல்லாம் நல்லா கழுவித்தான் சார் அனுப்பினோம்." எதில் கழுவினீர்கள்? "தண்ணியிலதான்." அப்புறம் ஆயிலில் தண்ணீர் அதிகம் என்று எழுதினால் சண்டைக்கு வருகிறீர்கள். சில நூறு பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் சில நூறு பங்கு, தண்ணீர் ஏறினாலே பேரிங்குக்கு ஆகாது என்று கவலைப்படுகிற இடத்தில், கழுவிவிட்டுக் காயவைக்காத டப்பாவை வைத்து நான் எந்தத் தண்ணீரை அளப்பது?

இது வேண்டாம் என்றுதான் நாங்களே சுத்தமான பாட்டில்களை மூடி போட்டு, பையில் போட்டு ஒட்டி அனுப்புகிறோம். அவை எங்கே போகின்றன தெரியுமா? ஒரு சைட் ஆபீசுக்குப் போனபோது ஜன்னல் ஓரத்தில் பார்த்தேன். ஒன்றில் தேங்காய் எண்ணெய், ஒன்றில் பினாயில்.

பாட்டில் போகட்டும், ஸ்டிக்கருக்கு வருவோம். மிஷின் நம்பர், ஆயில் பெயர், அந்த ஆயில் எத்தனை மணி நேரம் ஓடியது, கியர்பாக்ஸ் மொத்தம் எத்தனை மணி நேரம், நடுவில் எத்தனை லிட்டர் டாப்-அப், எடுத்த தேதி. இவ்வளவுதான் கேட்கிறோம். வருவது: "உடுமலை 3". உடுமலையில் எந்த 3? யாருடைய 3? தேய்ந்து ஆயிலில் கலந்த இரும்பு 60 பிபிஎம் வருகிறது என்று வையுங்கள். மூன்று வருடம் ஓடிய ஆயில் என்றால் பதறத் தேவையில்லை. போன மாதம் மாற்றிய ஆயில் என்றால் உள்ளே கியர் பல்லோ பேரிங்கோ கரைந்துகொண்டிருக்கிறது, நாளைக்கே ஆளை ஏற்றிப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நம்பர் ஒன்றுதான். வித்தியாசம் அந்தக் காலியான கட்டத்தில் இருக்கிறது. டாப்-அப் விஷயமும் அப்படியே. சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் புது ஆயிலைத் தாராளமாக ஊற்றிவிட்டால் இரும்பு குறைந்துதான் தெரியும். கியர்பாக்ஸ் குணமாகிவிட்டது என்று முதலாளி சந்தோஷப்படுவார்.

எங்கிருந்து பிடிக்கிறார்கள் என்பது தனிக் கூத்து. சாம்பிள் எடுப்பதற்கென்றே ஃபில்டருக்கு முன்னால் வால்வு வைத்த மிஷின்கள் இருக்கின்றன. மிஷினை நிறுத்தின கையோடு, ஆயில் சூடாகவும் கலங்கியும் இருக்கும்போது, வால்வைத் திறந்து குழாயில் தேங்கியிருக்கும் பழைய ஆயிலை முதலில் வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டு, அப்புறம் பாட்டிலை நீட்ட வேண்டும். முக்கால் அளவு போதும். லேபில் குலுக்க இடம் வேண்டும். பிடிக்கிற நொடி வரை மூடியைத் திறக்கக் கூடாது. இதில் ராக்கெட் விடுகிற வேலை எது? ஆனால் நடப்பது வேறு. முந்தின நாள் நிறுத்திய மிஷின், ஆறிப்போன ஆயில், அடியில் இருக்கும் ட்ரெயின் பிளக்கைத் திறந்து முதலில் வருவதை அப்படியே பிடிக்கிறார்கள். ரசம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மண்டியை மட்டும் அள்ளிக் கொடுப்பது போல. அடியில் வருஷக்கணக்காகத் தங்கிய இரும்பும் தண்ணீரும் அந்த ஒரே பாட்டிலில் வந்து இறங்கும். அடுத்த ஆறு மாதம் கழித்து வேறொருவர் ஏறி, ஆறிய ஆயிலை மேலாக உறிஞ்சி எடுப்பார். அதில் பெரிய துகளே இருக்காது. இந்த இரண்டு நம்பரையும் பக்கத்தில் வைத்து 'டிரெண்ட்' பார்க்கச் சொல்கிறார்கள்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். விட முடியாத ஒன்று இருக்கிறது. பத்து மிஷின் பெயரில் பத்து பாட்டில் வரும். இரும்பு, செம்பு, சிலிக்கான், பாஸ்பரஸ், விஸ்காசிட்டி என்கிற கெட்டித்தன்மை, தண்ணீர் எல்லாம் அச்சு அசலாக ஒன்று. ஒரே வருஷம் போட்ட, ஒரே மாடல் மிஷின்கள் என்றாலும் பத்து கியர்பாக்ஸ் ஒரே மாதிரி தேயுமா? ஒரு மிஷினில் ஏறி, ஒரு கேன் பிடித்து, கீழே இறங்கி வேப்ப மர நிழலில் உட்கார்ந்து பங்கு வைத்திருக்கிறார்கள். கேட்டால், "எல்லாம் ஒரே பேரல் ஆயில் சார், அதான் ஒரே மாதிரி வருது." பேரலுக்குள் தேய்ந்த இரும்பு ஏது அப்பனே?

செக் ஷீட்டும் இதே ரகம். ஆயில் லெவல் ஓகே, லீக் ஓகே, பிரீதர் ஓகே, ஃபில்டர் ஓகே, மேக்னட் ஓகே. போன தடவை எழுதியதை ஜெராக்ஸ் எடுத்துத் தேதியை மட்டும் மாற்றினால் இப்படித்தான் எல்லாம் ஓகேயாக இருக்கும். லெவல் கண்ணாடியை மிஷினை நிறுத்தி, ஆயில் வடிந்து நுரை அடங்கிய பிறகு பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் மூச்சு விடும் பிரீதரில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கலர் மாறியிருந்தால் ஈரக்காற்று தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆயிலில் வரும் இரும்பைப் பிடிக்கும் மேக்னட் பிளக்கில் மாவு மாதிரி மைய ஒட்டியிருந்தால் சரி. விரலில் குத்துகிற செதில் இருந்தால் சரியில்லை. இவை எதற்கும் லேப் வேண்டாம். கண்ணும் டார்ச்சும் போதும்.

ஏறுகிற பையன்களை நான் திட்டவில்லை. 80 மீட்டர் டவரில், இடுப்பில் பெல்ட்டும் தோளில் பையுமாக ஏணி ஏறி, உச்சியில் கொதிக்கிற நாசெல் கூண்டுக்குள் குனிந்து வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். ஒரே நாளில் இத்தனை மிஷின் முடித்தாக வேண்டும் என்று கணக்குக் கொடுத்து, கையில் பாட்டிலும் துடைக்கத் துணியும் கொடுக்காமல் ஏற்றிவிட்டால் அவன் என்ன செய்வான்? வழியில் கிடைத்த கூல்டிரிங்ஸ் பாட்டிலைத்தான் எடுத்துப் போவான். ஒரு தம்பி இருக்கிறான், அவன் அனுப்பும் பாட்டிலை மட்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில், "பிரீதர் கலர் மாறி இருக்கு, தண்ணி பாருங்க சார்" என்று எழுதியிருந்தான். பார்த்தோம், இருந்தது. அவன் வேலை பார்க்கும் இடத்தில் அவனை 'ஸ்லோ' என்று சொல்கிறார்களாம். எரிச்சல் வருமா வராதா?

கோபம் முழுக்க மேலே உட்கார்ந்திருப்பவர்கள் மேல்தான். கான்ட்ராக்டில் 'ஆறு மாதத்துக்கு ஒரு சாம்பிள்' என்று ஒரு வரி. அந்த வரிக்கு டிக் அடிக்க ஒரு ரிப்போர்ட். ரிப்போர்ட்டை யார் படிக்கிறார்கள்? 'நார்மல்' என்று இருந்தால் ஃபைலில் போகும். 'எச்சரிக்கை' என்று எழுதினால் உடனே எனக்குப் போன். "மறுபடி டெஸ்ட் பண்ணுங்க சார், முதலாளி டென்ஷன் ஆயிடுவார், கொஞ்சம் பார்த்துப் போடுங்க." எதைப் பார்த்துப் போடுவது? இரும்பைக் குறைத்து எழுதினால் பேரிங் ஆறிவிடுமா? பெரிய மிஷினில் நிமிஷத்துக்குப் பதினைந்து இருபது சுற்று சுற்றும் இறக்கையின் வேகத்தை, ஜெனரேட்டருக்காக ஏறக்குறைய நூறு மடங்கு ஏற்றிக் கொடுப்பது அந்தப் பெட்டிதான். அது உள்ளே உடைந்தால் ஸ்பேனர் வைத்துச் சரிசெய்ய முடியாது. கிரேன் வர வேண்டும், இறக்கை இறங்க வேண்டும், பெட்டி கீழே வர வேண்டும். கிரேன் வாடகையைக் கேட்டால் முதலாளிக்கு மயக்கம் வரும். அதுவும் உடைவது பெரும்பாலும் நல்ல காற்று நேரத்தில். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும். அந்த மாதத்தில் நின்றுபோன காற்றாலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முதலாளிக்கு அப்போதுதான் எங்கள் நம்பர் ஞாபகம் வரும். "லேப் ரிப்போர்ட் நார்மல்னு குடுத்தீங்களே?"

ஆமாம், கொடுத்தேன். நீங்கள் அனுப்பிய பாட்டில் நார்மல். அது எந்த மிஷினுடையது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதில் இன்னொரு அநியாயம், பிடித்த சாம்பிள் உடனே வருவதில்லை. சூப்பர்வைசர் பைக் பெட்டிக்குள் வெயிலில் வாரக்கணக்கில் ஊர் சுற்றிவிட்டு, ஆடிட் வருகிறது என்றதும் அவசர அவசரமாகப் பஸ் ஏறுகிறது. ஸ்டிக்கரில் நேற்றைய தேதி.

முதலாளிமார்களுக்கு ஒன்று. சேலத்தில் உட்கார்ந்துகொண்டே உங்களால் செய்ய முடிகிற வேலை இருக்கிறது. கடைசி நான்கு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி மேஜையில் வரிசையாக வையுங்கள். மணி நேரம் எழுதும் கட்டம் காலியா? எல்லா மிஷினுக்கும் இரும்பு ஒரே நம்பரா? எடுத்த தேதிக்கும் லேபுக்கு வந்த தேதிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? இதற்கு இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பார்த்த பிறகு கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு என்ன கேட்க வேண்டும் என்று நான் சொல்லித்தர வேண்டாம், அது உங்களுக்கு நன்றாகவே வரும்.

கான்ட்ராக்டர்களுக்கு: இனிமேல் ஓட்டிய மணி நேரம் எழுதாத பாட்டிலையும், எங்கள் பாட்டில் அல்லாத பாட்டிலையும் மேஜையில் ஏற்றுவதாக இல்லை. வந்த பஸ்ஸிலேயே திரும்பி வரும். பார்சல் கூலி உங்களுடையது. அந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.